வேனுக்குள் அடைத்த வெளிநாடு

முதல் வெளிநாட்டுப் பயணம், கூடவே பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற பிள்ளை என்றால் கார் சாவியைத் தொடாதே. டிரைவரோடு வேன் பிடி. ஆறு நாளில் இலங்கையைச் சுற்றிவிட்டு வந்து சேர். சென்னையிலும் மதுரையிலும் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். டிராவல்ஸ்காரர் சொன்னால் அது அவர் பிழைப்பு. போய்விட்டு வந்த அத்தை, எங்கும் போகாத சித்தப்பா, யூடியூபில் காணொளி போடும் தம்பி என்று எல்லாரும் அதையே சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

அவர்கள் தரப்பை முழுசாகவே சொல்லிவிடுகிறேன். உள்ளூர் டிரைவருக்கு வளைவு தெரியும், போலீஸைத் தெரியும், சிங்களம் தெரியும். டயர் பஞ்சரானால் அவர் பாடு. ஏதாவது மோதிவிட்டால் அந்நிய மண்ணில் நாம் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. பெற்றவர்களுக்கும் அது விடுமுறைதானே, அவர்களும் சாய்ந்து உட்காரட்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரே இடம் அலுத்துவிடும்; சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி என்று தினம் ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தால்தான் முகம் கொடுத்துப் பேசும். செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் மடத்தனம் அல்ல. எல்லாவற்றையும் கூட்டி எடுக்கிற முடிவுதான் தப்பு.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். முதல் பயணம் குறுகியதாக இருக்கட்டும்: நான்கு நாள், ஒரே கரை. ஓட்டுகிறவர் அப்பாவோ அம்மாவோ, வழி சொல்கிறவர் பிள்ளை. அந்தக் கரை, மகா ஓயா ஆற்றைக் கடந்ததும் தொடங்கிக் கற்பிட்டி முனை வரை போகிற புத்தளம் மாவட்டக் கரை. சுற்றுலாப் பட்டியல்களில் டால்பின் என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் அதற்கு இடம் இருப்பதில்லை.

1. உயிருக்கு ஆபத்து என்கிறார்கள்.

எதோடு ஒப்பிட்டு? 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். ஏறத்தாழ 2.2 கோடி மக்கள் வாழும் இலங்கையில் ஆண்டுக்கு இறப்பவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள்: நம் சாலை அவர்களுடையதைப் போல் இரண்டு மடங்கு கொல்கிறது. தொப்பூர்க் கணவாயிலும் உளுந்தூர்பேட்டை புறவழியிலும் அதே பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு இந்தக் கரையின் சிலாபம் சாலையில் மட்டும் ஏன் கை நடுங்க வேண்டும்? அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டீயரிங்கும் நம் ஊரைப் போல வலப்பக்கம்தான்.

ஆபத்தைத் தீர்மானிப்பது ஓட்டுகிறவரின் தேசம் அல்ல. எவ்வளவு தூரம், எந்த நேரம், எந்தப் பாதை என்ற மூன்றும்தான். வேன் சுற்று இந்த மூன்றிலும் தோற்கிறது. விமான நிலையத்திலிருந்து சிகிரியா, அங்கிருந்து மலையேறி எல்ல, மலையிறங்கித் தெற்குக் கரை, திரும்ப விமான நிலையம் என்று கூட்டினால் 600 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் கணிசமான பகுதி மலைப்பாதை. முதல் நாள் நடுராத்திரி விமானத்துக்கு வந்து காத்திருந்த டிரைவர்தான் மறுநாள் விடியற்காலையிலும் வண்டியை எடுக்கிறார். அவர் எவ்வளவு நேரம் தூங்கினார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் சொல்லப்போவதில்லை. 2025 மே மாதம் கொத்மலைக்கு அருகே கெரண்டி எல்லவில் பள்ளத்தில் பாய்ந்து 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பேருந்தை, அந்நாட்டு டிரைவர்தான் ஓட்டினார். நேரம் விடியற்காலை. மலைச்சாலையில் அனுபவமும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

புத்தளம் கரையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே, கிட்டத்தட்ட புத்தளம் போகும் ஏ3 சாலையின் மேலேயே இருக்கிறது. கொழும்பு நெரிசலுக்குள் ஒரு நிமிடம்கூட நுழையாமல் வடக்கே திரும்பிவிடலாம். சிலாபம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பாலாவி சந்தி இன்னும் ஒரு 45, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக்கு 40 சொச்சம். முழுவதும் சமதளம், கொண்டை ஊசி வளைவு ஒன்றும் கிடையாது. நிறுத்தாமல் போனால் மூன்று, மூன்றரை மணி நேரம். நிறுத்தி நிறுத்திப் போவதற்காகத்தான் அந்த வழி.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. எதிர்த்தரப்பு அதைச் சொல்வதே இல்லை. அது நம் சொந்தப் பழக்கம். காலை ஏழு மணிக்கு வழியிலுள்ள வென்னப்புவயில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் பாதசாரிக் கடவையில் கால் வைத்ததும் லாரி, ஆட்டோ எல்லாம் நின்றுவிடும். கடவையில் நிற்காத ஒரே வண்டி தமிழ்நாட்டிலிருந்து போனவருடையதாக இருக்கும். ஊருக்குள் 50, வெளியே 70 என்பது அங்கே அலங்காரத்துக்கு எழுதி வைத்த எண் அல்ல, போலீஸ் நின்று பிடிக்கும். புத்தளம் ரயில் பாதை சாலையோடு ஒட்டியும் குறுக்கிட்டும் போகிறது. கேட் இல்லாமல் மணியும் சிவப்பு விளக்கும் மட்டுமே உள்ள கடவைகளும் வரும். தனியார் பேருந்து பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அதில் கௌரவம் ஒன்றும் குறையாது. இருட்டுவதற்குள் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விளக்கில்லாத சைக்கிள், மாடு, கற்பிட்டிப் பக்கம் கட்டுப்பாடின்றித் திரியும் கழுதை என்று பொழுது சாய்ந்தபின் அந்தச் சாலை வேறு சாலை ஆகிவிடுகிறது.

2. உரிமம் வாங்குவது பெரும்பாடு என்கிறார்கள்.

நேற்று வரை உண்மை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிப் போனாலும் அது மட்டும் அங்கே செல்லாது. வேரஹெரவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்கோ கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் சங்கத்துக்கோ போய் அங்கீகாரம் வாங்கியாக வேண்டியிருந்தது. நான்கு நாள் பயணத்தில் ஒரு நாள் அதற்கே போயிருக்கும். ஆனால் 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக ஓட்டுநர் உரிமம் தரும் கவுண்டர் திறக்கப்பட்டது. பழைய அனுபவத்தை இன்றைய அறிவுரையாக விற்பவர்கள் இதைக் கேள்விப்படவில்லை போலும். கிளம்பும் முன் அன்றைய கட்டணத்தையும் வேலை நேரத்தையும் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காகிதம் இல்லாமல் ஓட்டலாம் என்று எந்த வாடகைக்காரர் சொன்னாலும் வேறு ஆளைப் பாருங்கள். அனுமதி இல்லாத கையில் வண்டி மோதினால் காப்பீடு கைவிரித்துவிடும். மோதினால் நம் பங்குக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் கீறல்களைப் படம் எடுக்க வேண்டும். அந்த வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள், நம்மைவிட நுணுக்கமாகப் பார்க்கும்.

வெள்ளைக்காரர்கள் ஆட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிப் போவதைப் பார்த்து உங்கள் பிள்ளையும் ஆசைப்படும். மறுத்துவிடுங்கள். கற்பிட்டி மணல் பாதையில் ஆளே இல்லையே, கொஞ்ச தூரம் நான் ஓட்டுகிறேனே என்று கேட்டாலும் அதே பதில்தான். அங்கும் பதினெட்டுதான் வயது.

3. பிள்ளைக்கு அலுத்துவிடும் என்கிறார்கள்.

யாருக்குத்தான் அலுக்காது, பின்சீட்டில் பார்சல் மாதிரி ஏற்றி வைத்தால்? வேன் பயணத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? இறங்கு என்றால் இறங்க வேண்டும், படத்துக்குச் சிரி என்றால் சிரிக்க வேண்டும், ஏறு என்றால் ஏற வேண்டும். எங்கே சாப்பிடுவது என்பதை டிரைவர் முடிவு செய்கிறார், எப்போது புறப்படுவது என்பதை முகவர் முடிவு செய்துவிட்டார். அந்தப் பிள்ளை போனில் மூழ்கினால் குறை யாருடையது? இடங்களை அடுக்கினால் அலுப்பு போகும் என்ற கணக்கே கோணல். ஐந்தாவது நாள் காலையில் எந்த ஊரில் இருக்கிறோம் என்று பெற்றவருக்கே தெரியாத பயணத்தில் பிள்ளை மட்டும் பரவசப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

முன்சீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். வரைபடம் அதன் கையில். சிலாபத்தில் வலப்பக்கம் குருநாகல் சாலையில் திரும்பினால் முன்னேஸ்வரம் என்று சொல்ல வேண்டியது அது; சொல்ல மறந்தால் இரண்டு கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்பி வருவது குடும்பம் முழுவதும். கடவை வருகிறது, ரயில் பாதை வருகிறது, 50 பலகை வருகிறது என்று குரல் கொடுப்பதும் அதன் பொறுப்பு. வீட்டில் சொன்னால் கேட்காத அப்பா இங்கே பிள்ளை சொல்லிக் கேட்கிறார். பெட்ரோல் கணக்கும் சில்லறையும் அதனிடமே இருக்கட்டும். இலங்கை ரூபாயை இந்திய ரூபாயாக்கிப் பார்க்காமல் எதையும் வாங்காத கஞ்சத்தனம் இரண்டே நாளில் வந்துவிடும்.

இதில் ஓட்டுகிறவருக்கும் ஒரு கட்டாயம் வருகிறது: வழி தவறினால் கத்தக் கூடாது. பலருக்கு இதுதான் கஷ்டம். டிரைவர் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தகப்பன்மார் சிலர் உண்மையில் சாலைக்குப் பயப்படவில்லை. பிள்ளை கண்முன்னால் வழி தெரியாமல் நிற்பதற்குத்தான் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

4. அந்தக் கரையில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்கள்.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதன் வழியே அனுராதபுரத்துக்கு வேனில் தூங்கிக்கொண்டே போனவர்கள். கொச்சிக்கடைப் பாலத்தில் மகா ஓயாவைத் தாண்டியதும் தென்னை ஆரம்பித்துவிடும். நாட்டின் தென்னை ஆராய்ச்சி நிலையமே லுணுவிலயில்தான் இருக்கிறது. வென்னப்புவ, மாரவில பக்கம் சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புனிதர் நிற்பார். தெருவுக்கு ஒருவர் இத்தாலிக்கு வேலைக்குப் போன ஊர்கள் அவை. அந்தப் பணம் மாடி வீடுகளில் தெரியும். அதற்கு அரை மணி தூரத்தில் முன்னேஸ்வரம் சிவன் கோயில், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்து, பிறகு மீண்டெழுந்தது. ஆவணி வாக்கில் நடக்கும் அதன் நீண்ட திருவிழாவுக்குச் சிங்களவர்களும் திரளாக வருவார்கள். இன்னும் வடக்கே கடல் பக்கம் ஒதுங்கினால் உடப்பு, மீன்பிடித் தமிழர்களின் ஊர். திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதி நடக்கிறது. பாரதக் கூத்தும் தீமிதியும் நம் வட ஆர்க்காட்டுக்கே உரியவை என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கோயில் போதும்.

பாலாவியில் திரும்பியபின் தீபகற்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. இடையில் மணல், அந்த மணலில் கிணற்று நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் போடுகிறார்கள். கடல் பக்கம் காற்றாலைகள் சுழலும். அவற்றுக்குப் பக்கத்திலேயே நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி எழும்பி நிற்கும். சீனக் கடனில் கட்டியது, 2011-இல் ஓடத் தொடங்கியது, இன்று 900 மெகாவாட். சுற்றுலாக் கையேடு இதை அழகைக் கெடுக்கும் கறை என்று மறைக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? காற்றாலை, நிலக்கரி, வெளிநாட்டுக் கடன், தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு வரும் யாத்திரிகர்கள் எல்லாம் ஒரே சாலையில். சிகிரியாவில் ஆயிரத்துச் சொச்சம் படி ஏறிவிட்டு வந்த பிள்ளை அதைக் கட்டிய அரசன் காசியப்பனைப் பற்றிச் சொல்ல ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. நுரைச்சோலையைப் பார்த்த பிள்ளை கேள்வி கேட்கும்.

கேள்விகளில் சில நமக்குச் சங்கடமானவையாகவும் இருக்கும். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் தேநீர் குடிக்கும்போது அந்தக் கடைக்காரரின் பூர்வீகம் மன்னாராகவோ யாழ்ப்பாணமாகவோ இருக்கலாம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது இந்த மாவட்டத்தில்தான். ஈழம் பற்றித் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு மேடையிலும் பாட்டிலும் சொல்லப்பட்டதில் இந்தப் பக்கம் கிடையாது. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. தெரியாமலே இருக்கட்டும் என்பவர்களோடு நான் இங்கே சண்டைக்கு வரவில்லை. பதினைந்து வயது அதைக் கேட்கத் தகுந்த வயது என்று மட்டும் சொல்வேன்.

கடல் கடந்து இந்தக் கரையில் இறங்கியவர்களில் புகழ்பெற்ற ஒருவர் உண்டு. 1344-இல் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாரசீகம் பேசிய அரசன், மரத்தால் ஆன மதில், கரையில் ஒதுங்கிக் கிடந்த கறுவா மரங்கள் எல்லாம் அவர் பயணக் குறிப்பில் இருக்கின்றன. அவருக்கும் அரசன் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்துத்தானே ஆதாம் மலைக்கு அனுப்பினான் என்று வேன் கட்சிக்காரர் மடக்கலாம். சரிதான். அவரிடம் கூகுள் மேப் இல்லை.

கற்பிட்டியில் டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இன்று கடற்படை வசம். அனுமதி கேட்டுத்தான் பார்க்க முடியும். டால்பின்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், படகு போகாது. ஆகவே மே மாத விடுமுறை இதற்கு உதவாது. அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர் கடைசி வாரம் பொருந்தும். பொங்கல் விடுமுறை இன்னும் நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் புத்தளம் மாவட்டமும் கடுமையாக அடிபட்டது என்பதால் டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன் நாள் குறிக்காதீர்கள். படகுக்காரரிடம் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள்: டால்பின் கூட்டத்தைத் துரத்தக் கூடாது. பத்துப் படகுகள் சேர்ந்து விரட்டுவதைப் பிள்ளைக்குக் காட்டுவதைவிட மெரினாவிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

5. மொழி, பணம்.

இந்த இரண்டு வாதங்களும் வலுவில்லாதவை. சிலாபம் வரை சிங்களம்தான் பெரிதும் காதில் விழும். உடப்பிலும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பிள்ளை இறங்கித் தமிழில் வழி கேட்கலாம், பேரம் பேசலாம். வெளிநாட்டில் முதல்முதலாக ஒரு கடைக்காரரோடு தானே பேசுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பணத்தில் என் கட்சிக்குச் சாதகமாக எதையும் நான் திரிக்கப்போவதில்லை. ஐந்தாறு பேர் போனால் வேன் மலிவாகக்கூட முடியலாம். முன்பணமும் அதில் குறைவு. காசு மிச்சமாகும் என்று சொல்லி யாரையும் ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லவில்லை.

எல்லாரும் ஓட்டலாம் என்றும் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் தனியாக நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகாதவர் கற்றுக்கொள்வதற்கான இடம் வெளிநாடு அல்ல. ஓட்டும்போது போனை எடுக்கிறவர் தயவுசெய்து எங்கும் ஓட்டாதீர்கள். இரவு விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் அன்று நீர்கொழும்பில் தூங்கிவிட்டுக் காலையில் வண்டி எடுக்கட்டும். மாமனார், மாமியார், ஐந்து பெட்டி, கைக்குழந்தை என்று கிளம்புகிறவருக்கு வேன்தான் சரி, அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அவரும் அந்த வேனை மலைக்கு விடாமல் நான்கு நாளும் இதே கரையில் நிறுத்திக்கொள்ளலாம். முன்சீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்து, டிரைவருக்கு வழி சொல்லச் சொல்லலாம். அவருக்கு வழி தெரியும்தான், கேட்டுக்கொள்வார்.